கொள்ளைநோய்க் காலம் – 7: முதுகில் ஏற்றிய பிள்ளை

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வியில் டாக்டர் வியேகாஸ் கண்டுபிடித்துச் சொன்ன பிளேக், சில மாதங்களில் புனேயையும் தொட்டுவிட்டது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டும். காய்ச்சல் அனலாய்க் கொதிக்கும். சில நாட்களில் ஆள் போய்விடுவார். மருந்து கிடையாது. நுண்ணுயிர் ஆய்வாளர் ஹாஃப்கின் தன் தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே குத்திப் பார்த்தது 1897 ஜனவரியில்தான்.

பிப்ரவரி 4 அன்று அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2020-இல் மாநில அரசுகள் தூசி தட்டி எடுத்ததும் இதே சட்டத்தைத்தான். நான்கே பிரிவுகள். பயணிகளைச் சோதிக்கலாம், சந்தேகத்துக்கு உரியவரைப் பிரித்து வைக்கலாம், மீறினால் தண்டிக்கலாம். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொடுப்பது யார் என்று அதில் ஒரு வரி இல்லை. சட்டத்துக்கு அது வேலையில்லை என்பார்கள் வக்கீல்கள். இருக்கட்டும், வேறு யாருடைய வேலை?

புனேயில் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவருக்கு அப்போது வயது 66. சாவித்திரிபாய் புலே. பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர், போகிற வழியில் சாணி எறிந்தார்கள் என்பதோடு நம் பாடப்புத்தகங்கள் அவரை முடித்துவிடுகின்றன. கடைசி மாதங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கணவர் ஜோதிராவ் 1890-இல் இறந்துவிட்டார். பிராமண விதவை ஒருவர் பெற்று, இவர்கள் தத்தெடுத்து வளர்த்த யஷ்வந்த் படையில் மருத்துவராக இருந்தார். அவரை வரவழைத்து, சாவித்திரிபாய் ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் ஒரு தோட்டத்தில் சிகிச்சை இடம் ஒன்றை அமைத்தார்.

சிகிச்சை என்றால் என்ன? நாக்கு வறளாமல் தண்ணீர், ஈரத்துணி, மாற்றுத் துணி, கட்டி உடைந்தால் கழுவிக் கட்டுவது, பிதற்றுகிறவரை எழுந்து ஓடாமல் பிடித்துக்கொள்வது. மருந்தில்லாத நோயில் பக்குவம் பார்ப்பதுதான் வைத்தியம். சொந்த வீட்டிலேயே நோயாளியை விட்டு ஓடிய காலம். சேரியில் விழுந்தவரை யார் தொடுவார்கள்? பக்கத்து முண்ட்வா கிராமத்து மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் விழுந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, தானே போய் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார் என்று சொல்லப்படுகிறது. அங்கிருந்துதான் அவருக்கும் தொற்றியது என்பார்கள்.

நோய் எலித்தெள்ளால் பரவுகிறது என்பதை பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கராச்சியில் கண்டறிந்தது அடுத்த வருஷம், 1898-இல். உடுப்பில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று 1897-இல் யாருக்கும் தெரியாது. ஆனால் நோயாளியின் அருகில் போனவர் சாகிறார் என்பது புனே முழுக்கத் தெரியும், சாவித்திரிபாய்க்கும் தெரிந்திருக்கும்.

இதைத் தியாகம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1877 பஞ்சத்தில் புலே தம்பதியர் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். அதற்கும் முன்பு, கைவிடப்பட்ட விதவைகளின் பிரசவத்தைத் தங்கள் வீட்டிலேயே பார்த்தார்கள். அடுத்தவர் உடம்பின் ரத்தமும் சீழும் அவருக்குப் புதிதல்ல. பல வருஷம் பழகிய கை அது.

மார்ச் 10 அன்று பிளேக்கிலேயே அவர் இறந்தார். அதே மாதத்தில் பிளேக் கமிட்டித் தலைவர் ராண்டின் உத்தரவில் வெள்ளைச் சிப்பாய்கள் புனே வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைத் தேடத் தொடங்கினார்கள். மக்கள் நோயை மறைக்கத் தொடங்கினார்கள். ஜூன் 22 இரவில் ராண்ட் சுடப்பட்டார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)