வேரும் சேறும் நீரைக் கழுவுவது எப்படி?

ஆரோவில்லின் பல குடியிருப்புகளில் கழிவுநீர் அந்தந்த இடத்திலேயே சுத்தமாகிறது. ஏன்? சிதறிக் கிடக்கும் வீடுகளை நெடுங்குழாயால் இணைப்பது பெருஞ்செலவு.

எப்படி? முதல் தொட்டியில் கசடு படியும். அடுத்து, தடுப்புச்சுவர் வைத்த அறைகள். ஒவ்வோர் அறையிலும் நீர் அடியில் நுழைந்து, சேற்றினூடே மேலேறியாக வேண்டும். அந்தச் சேற்றில் வாழும், காற்றே வேண்டாத நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்று மீத்தேனாக்குகின்றன. இந்த அறைகளுக்கு மோட்டார் வேண்டாம். சரிவே நீரை நகர்த்தும். இதன் அழகே அதுதான்!

பிறகு, கல்வாழையும் நாணலும் வளரும் சரளைப் படுகை. வேர்களருகே கசியும் ஆக்சிஜனைக் கொண்டு வேறு நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். கடைசிக் குளத்தில் வெயில் பட்டு நோய்க்கிருமிகள் குறையும், முழுவதும் சாகா. ஆகவே இது தோட்டத்துக்கான நீர்.

கசடை வாராவிட்டால் சரளை அடைத்துக்கொள்ளும். உங்கள் ஊரில் கட்டினால், அந்தப் பொறுப்பை முதல் நாளே ஒருவரிடம் ஒப்படையுங்கள்.