பார்வையற்ற பிள்ளைக்கும் பாடநூல்

பாடநூல் கணினிக்கு வந்துவிட்டதே, பார்வையற்ற மாணவன் அதனைக் கேட்டுப் படிக்கலாமே எனத் தோட்டப் பெற்றோர் எண்ணக்கூடும். பக்கத்தைப் படம்பிடித்து வைத்திருந்தால் இயலாது. வாசிப்புக் கருவிக்கு அது எழுத்தன்று, வெறும் படமே. அதனை எழுத்தாக்கிப் பிழை திருத்துதல் வேண்டும். படங்களையும் சொற்களால் விளக்குதல் வேண்டும். கடினமான வேலை இதுவே. ரப்பர் மரப் படத்திற்கு ‘மரம்’ என்றெழுதினால் போதுமா? வெட்டுக்கோடு எப்பக்கம் சரிகிறது, பால் மங்கு எங்குள்ளது என்பனவும் கூறப்பட வேண்டும். பின்னரே அது செம்மையான ஒலிநூலாகவோ பிரெயில் நூலாகவோ ஆகும்.

இத்தகைய நூல்களை நாடுகள் தம்முள் பரிமாறிக்கொள்ள மராக்கேஷ் ஒப்பந்தம் வழிசெய்கிறது. இந்தியா 2014இல் இதனை ஏற்றது, மலேசியாவில் 30.6.2022 முதல் நடப்பிலுள்ளது. ஆகவே, தமிழகத்தில் மாற்றப்பெற்ற தமிழ் நூலொன்று ஜொகூர்ப் பிள்ளையின் கைக்கும் வந்து சேரலாம். பார்வைக் குறையுள்ள பிள்ளையைப் பெற்றோர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிந்துகொள்வாராக.