ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பட்டம்

52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை சில நேரம் 45 என்று எழுதும். சிவப்பு மையால் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிடலாம். ஒரு நிமிடம் நின்று பார்த்தால்தான், இரண்டில் ஏழு போகாதென்று அந்தப் பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருப்பது தெரியும். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்ததை அது மறக்கவில்லை. தவறான விடைக்குப் பின்னால் இருக்கும் இந்த யோசனையைப் பிடிக்கத் தெரிய வேண்டியவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அதற்கு அவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும்? தில்லி இந்தக் கேள்விக்குக் காலத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது.

முன்பெல்லாம், சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கொஞ்சம் படிப்பு போதும் என்பதே நாடு முழுவதும் இருந்த எண்ணம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முடித்துப் பயிற்சி பெற்றவர் ஹையர் கிரேடு, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர் செகண்டரி கிரேடு. தில்லியிலும் வடமாநிலங்களிலும் அதற்கு ஜே.பி.டி. (ஜூனியர் பேசிக் டிரெய்னிங்) என்று பெயர். அதிலுள்ள 'பேசிக்' என்ற சொல் காந்தியின் ஆதாரக் கல்வியிலிருந்து வந்தது. 1937 வார்தா மாநாட்டுக்குப் பிறகு அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் ஜாகிர் உசேன். அவர் துணைவேந்தராக இருந்த ஜாமியா மில்லியா 1938இல் ஓக்லாவில் 'உஸ்தாதோன் கா மதர்சா' என்ற ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. கைத்தொழில் வழியாகக் குழந்தையின் அறிவைத் திறக்கலாம் என்ற பெரிய நம்பிக்கை அதன் பின்னே இருந்தது.

பல்கலைக்கழகமோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. 1947இல் தில்லியில் மத்தியக் கல்வி நிறுவனம் பிறந்தது. அங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்குப் பி.எட். கிடைத்தது. அகர முதல எழுத்துகளைச் சொல்லித்தருபவருக்கு அந்த வளாகத்தில் இடமில்லை. இந்தப் பிரிவினை தவறு என்று எடுத்துச் சொன்னவரும் தில்லியில் இருந்தவரே. தில்லிப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் டி.எஸ்.கோத்தாரியின் தலைமையில் 1964 முதல் 1966 வரை இயங்கிய கல்வி ஆணையம், ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகத்திலிருந்து விலகித் தனித்துக் கிடப்பதை உடைக்க வேண்டும் என்றது. 1983இல் அமைந்த சட்டோபாத்யாய ஆணையம், பிளஸ் டூ முடித்தபின் நான்கு ஆண்டுப் படிப்பு வேண்டும் என்றது. 1986 கல்விக் கொள்கை டயட் எனப்படும் மாவட்டப் பயிற்சி நிறுவனங்களைத் தந்தது. மோதி பாக், தரியாகஞ்ச், ராஜேந்தர் நகர் டயட்டுகளில் இரண்டு ஆண்டு படித்து டிப்ளமோ வாங்கியவர்கள் மாநகராட்சிப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குப் போனார்கள். பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காற்று மாறியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண், பிள்ளைகளின் முதுகை வளைக்கும் புத்தகப் பையைப் பற்றிப் பேசியது நாட்டை யோசிக்க வைத்தது. அந்தச் சுமையை ஆராய்ந்த யஷ்பால் குழு 1993இல் அறிக்கை தந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1994இல், தில்லிப் பல்கலைக்கழகம் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கான பி.எல்.எட். என்ற நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதை வடிவமைத்தது மத்தியக் கல்வி நிறுவனத்தின் மௌலானா ஆசாத் மையம். அதில் முன்னின்றவர் பேராசிரியர் பூனம் பத்ரா. சாணக்யபுரியின் ஜீசஸ் அண்ட் மேரி, மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம், கார்கி, மாதா சுந்தரி என்று கல்லூரிகளில் அந்தப் படிப்பு பரவியது.

அதன் பாடத்திட்டத்தைப் படித்தால் குழந்தைமேல் வைத்த மதிப்பு தெரியும். எண்களும் கூட்டலும் எப்படிப் பொருள் பெறுகின்றன என்று ஆசிரியராகப் போகிறவரே முதலிலிருந்து கணிதத்தைத் திரும்பக் கற்க வேண்டும். 52−17க்கான விளக்கம் பிறக்கும் இடம் அது. குழந்தைகளைக் கவனித்து எழுதுவது ஒரு தனிப் பயிற்சி. கதைசொல்லல், நாடகம், கைவினை, தன்னையே அறிந்துகொள்ளும் பட்டறை ஆகியவை அலங்காரமாக ஒட்டப்படாமல் படிப்போடு பின்னியிருந்தன. மொழியின் இயல்பு பற்றித் தனித் தாள் இருந்தது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்கிற தில்லி ஆர்.கே.புரத்துத் தமிழ்ப் பிள்ளையின் தயக்கத்தை மந்தம் என்று எண்ணாமலிருக்க அந்தத் தாள் உதவும். நான்காம் ஆண்டில் மாதக்கணக்கில் பள்ளியிலேயே இருந்து பாடம் நடத்த வேண்டும். அங்கே பிள்ளைகளுக்காக ஒரு வள மையமும் உருவாக்க வேண்டும்.

குறையும் உண்டு. இடங்கள் சில நூறுதான். நடத்தியவை மகளிர் கல்லூரிகள் என்பதால் ஆண்களுக்கு வாசல் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது பெண்ணின் வேலை என்ற பழைய நினைப்பு அதனால் அசையாமல் நின்றது. வேலைக்குப் போனபின் டிப்ளமோ படித்தவருக்கும் நான்கு ஆண்டு படித்தவருக்கும் ஒரே பதவிதான்.

இன்று நிலைமை வேறு. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் என்.சி.டி.இ. எனும் தேசிய ஆசிரியர் கல்வி மன்றம், ஒன்று முதல் ஐந்து வரை நடத்த டிப்ளமோ அல்லது பி.எல்.எட்., அதோடு தகுதித் தேர்வும் வேண்டும் என்றது. 2018இல் அதே மன்றம் பி.எட். முடித்தவர்களும் தொடக்கப்பள்ளிக்கு வரலாம், பிறகு ஆறு மாதப் பயிற்சி பெற்றால் போதும் என்று கதவைத் திறந்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தேவேஷ் சர்மா வழக்கில் அந்தக் கதவை மூடியது. பி.எட். சிறு குழந்தைகளுக்கு உரிய பயிற்சி அன்று என்பதே தீர்ப்பின் சாரம். பெரிய வகுப்புக்குப் படித்தவர் சின்ன வகுப்பைச் சமாளித்துவிடுவார் என்ற நெடுநாள் எண்ணத்துக்கு நாட்டின் உச்ச மன்றமே மறுப்புச் சொன்னது.

இதற்கிடையே 2020 கல்விக் கொள்கை, 2030க்குள் எந்த வகுப்பு ஆசிரியருக்கும் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமே குறைந்தபட்சத் தகுதி என்று வைத்தது. சட்டோபாத்யாய ஆணையம் கேட்டது ஒரு வகையில் கிடைக்கப்போகிறது: தொடக்கப்பள்ளி ஆசிரியர் எல்லோரும் பட்டதாரிகள் ஆவார்கள். அது உண்மையான முன்னேற்றம். ஐ.டி.இ.பி. எனப்படும் இந்தப் படிப்பு, ஒரு பாடத்தோடு கல்வியியலையும் சேர்த்துத் தரும் பட்டம். பி.எல்.எட். நடத்தும் கல்லூரிகளும் இதற்கு மாற வேண்டும் என்பது என்.சி.டி.இ.யின் முடிவு. 2023இல் தில்லிப் பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் இந்த மாற்றம் வந்தபோது உறுப்பினர் சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். புதிய படிப்பின் அடிப்படைத் தாள்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவருக்கும் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவருக்கும் பொது; நிலைக்கேற்ற பயிற்சி அதில் ஒரு பகுதிதான். பி.எல்.எட்.டின் நான்கு ஆண்டுகளும் ஆரம்ப வகுப்புகளுக்கென்றே இருந்தன.

பெயர் மாறட்டும். குழந்தையைக் கவனித்து எழுதும் அந்தப் பயிற்சியும், கணிதத்தை முதலிலிருந்து கற்கும் அந்தத் தாளும், பள்ளியில் கழியும் அந்த மாதங்களும் புதிய பட்டத்துக்குள் முழுதாகக் குடிபுக வேண்டும். மூன்று பத்தாண்டு அனுபவம் உள்ள பேராசிரியர்கள் தில்லியில் இருக்கிறார்கள். பாடத்திட்டம் எழுதும் மேசைக்கு அவர்களை அழைக்க வேண்டும். 2030இல் ஒன்றாம் வகுப்பில் உட்காரப்போகும் பிள்ளைகள் 2024இல் பிறந்துவிட்டார்கள். அவர்கள் எழுதும் முதல் தவறான விடையை நின்று பார்க்க வேண்டியவர்கள் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள்.