தரங்கம்பாடியில் ஒரு பழைய கிட்டங்கி

கூட்டுறவுச் சங்க ஏட்டில் கோட்டையைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். யான் எழுதப் புகுந்தது கோட்டையைப் பற்றியன்று. அதன் கீழ்த்தளத்தில் உள்ள கிட்டங்கியைப் பற்றி.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் சங்க உறுப்பினர் நால்வர் குடும்பத்துடன் தரங்கம்பாடி சென்று இரண்டு இரவுகள் தங்கி வந்தோம். சமயநல்லூரிலிருந்து மதுரை, அங்கிருந்து தஞ்சை வழியாக மயிலாடுதுறை, பிறகு பேருந்து. 1926-இல் திறக்கப்பெற்ற மயிலாடுதுறை–தரங்கம்பாடி இருப்புப்பாதை 1980-களில் நின்றுபோயிற்று. ஆதலின் கடைசி முப்பது கிலோமீட்டருக்குப் பேருந்தே கதி.

தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-இல் டென்மார்க்கு நாட்டாருக்கு இவ்விடத்தில் வாணிகம் செய்ய இசைவளித்தார். அவர் அந்நாட்டு மன்னருக்குத் தமிழில் எழுதி விடுத்த பொன்னோலை இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வந்தவர்கள் கடலை நோக்கிக் கோட்டை ஒன்று எழுப்பினர். மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் வணிகரும் குடியிருந்தனர்; கீழ்த்தளத்தில் சரக்கறைகள். மிளகும் சோழ மண்டலத்து நெசவாளர் நெய்த பருத்தித் துணியுமே அவர்கள் நாடி வந்த சரக்குகள். தறியில் அமர்ந்து பழகிய எங்களுக்கு மேல்மாடத்துப் பீரங்கிகளைவிட அந்த வளைகூரை அறைகளே மனத்தில் தங்கின.

1845-இல் டென்மார்க்கார் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியாரிடம் விற்றனர். வாணிகம் போன பின்னும் கட்டடம் போகவில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகு அது அரசாங்கப் பயணியர் மாளிகையாயிற்று. 1978-இல் மாநிலத் தொல்லியல் துறை ஏற்றுக்கொண்டது, இப்போது அருங்காட்சியகம். துணி உறங்கிய மனையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மனிதர் உறங்கினர்! ஆள் புழங்கியபடியால் ஒட்டடை அடிக்கவும் ஓதம் கண்ட இடத்தில் பூசவும் எவரேனும் இருந்திருப்பர். எதிர்மாறான காட்சியும் அருகிலேயே உண்டு. நம் பாண்டிய மன்னர் மாறவர்மன் குலசேகரர் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை இவ்வூரில் உயிர்களையும் வாரிச் சென்றது. கடலோரத்தில் தங்க விழைவோர் இதனை மறத்தல் ஆகாது.

நாங்கள் தங்கியது ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்த்து அமைத்த சிறு விடுதியில். பின்கட்டில் முன்னாளில் நெல் கொட்டி வைத்த அறைதான் எங்கள் பங்குக்குக் கிடைத்தது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், எனக்கோ முதல் இரவு உறக்கமில்லை. காரணம் எளிது. நெல்லுக்கு வேண்டுவது இருளும் வறட்சியும். மனிதனுக்கு வேண்டுவது ஒளியும் காற்றும். தடித்த சுவர் பகலில் வெயிலை உட்புக விடவில்லை, உண்மை. ஆனால் உயரத்தில் ஒரே ஒரு சாளரம். எதிர்ச்சுவரில் மற்றொன்று திறந்திருந்தால் கடற்காற்று தானே ஊடுருவிச் சென்றிருக்கும். குளியலறையைப் பழைய சுவரோடு ஒட்டிக் கட்டி, சிமெண்டு பூசியிருந்தனர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உண்டு வெளியே விடும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். மூலையில் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. இவை தவிரக் குறை கூற ஒன்றுமில்லை. விடியலில் கட்டுமரங்கள் கரை சேர்வதைக் கண்டதும் சுடச்சுட மீன் குழம்பு உண்டதும் தனிக் கதை.

நிற்க. இத்தனையும் எழுதக் காரணம் எங்கள் சங்கத்தின் பழைய நூல் கிட்டங்கி. சிப்பம் அடுக்கி எட்டு ஆண்டுகளாகின்றன. இடித்து மனையை விற்றுவிடலாம் என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு சாரார் பேசினர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. கடன் இருக்கிறது, வட்டி ஏறுகிறது. ஆயினும் மனை ஒரு முறைதான் விலைபோகும். மதுரைக்கு வரும் யாத்திரிகரில் சிலரேனும் வயலும் தறியோசையும் சூழ்ந்த இடத்தில் ஓர் இரவு தங்க விரும்புவர் என்பது என் எண்ணம். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலையும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடும் கைகளையும் அவர்களுக்குக் காட்டலாம். கட்டிலில் நம் விரிப்பு, கொடியில் நம் துண்டு என்றால் அதுவே விற்பனைக்கும் வழியாகும். இதற்குத் துணைவிதியில் இடமில்லையாயின் பொதுக்குழு திருத்தம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் பதிவு செய்தல் வேண்டும். அதற்கு முன் ஒரு சல்லிக்காசும் செலவிடலாகாது.

ஊர் திரும்பிய மறுநாள் கொத்தனார் ஒருவரை அழைத்துச் சென்று கிட்டங்கியைத் திறந்து பார்த்தோம். சுவர் இரண்டடி கனம். முழுதும் சுண்ணாம்புக் காரை. உத்தரங்களில் ஒன்றை மட்டும் கரையான் தின்றிருக்கிறது. மேற்குச் சுவரில் சாளரம் வைக்கலாம், வடக்கில் கை வைக்கக் கூடாது என்றார் அவர். மதிப்பீட்டை எழுதித் தருவதாகக் கூறியிருக்கிறார். அது கிடைத்ததும், விற்றால் வரும் தொகையையும் பக்கத்தில் எழுதி, இரண்டையும் நிர்வாகக் குழுவின் முன் வைப்போம்.