பழைய பைபர் படகின் பின்பலகையைச் செப்பனிடும் முறை

கடலோரக் கிராமங்களில் சிறிது நிலமும், ஒரு பைபர் படகும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் வாங்கி, இன்றும் ஓடும் படகுகளுக்கு வயது ஏறிவிட்டது. அவற்றில் இயந்திரம் மாட்டும் பின்பலகையைத் தவறாமல் சோதிக்க வேண்டும். அது நடுக்கடலில் பிளந்தால் இயந்திரத்தோடு உயிருக்கும் ஆபத்து.

ஏன் கெடுகிறது?

பின்பலகையில் பெரும்பாலும் இரு பைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட் இருக்கும். போல்ட் துளைகள், வெடிப்புகள் வழியாக நீர் இறங்கி அதை மக்கச் செய்கிறது. கூன்வண்டு துளைத்த தென்னையைப் போல், வெளியே நன்றாகவும் உள்ளே சொத்தையாகவும் இருக்கும்.

எவ்வாறு அறிவது?

சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். இயந்திரத்தை முன்னும் பின்னும் அசைத்தால் பலகை வளையக்கூடாது. ஐயமிருப்பின் உட்புறத்தில் சிறு துளையிடுங்கள். ஈரமான கருந்தூள் வந்தால் பலகையை மாற்றியே ஆகவேண்டும். மேலே பைபர் பூசி மூடுவதால் பயனில்லை.

மாற்றும் முறை

1. மழையற்ற கோடையில், கூரையின் கீழ் படகைக் கோணாமல் நிறுத்தவும்.
2. வெளித்தோலை விட்டுவிட்டு உட்தோலை மட்டும் வெட்டி, மக்கிய மரம் முழுவதையும் நீக்கவும். நன்கு உலரவிட்டுத் தேய்க்கவும்.
3. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைப் பழைய கனத்திற்கே வெட்டி, ஓரங்களில் ரெசின் பூசி, காற்றிடைவெளியின்றி ஒட்டி இறுக்கவும்.
4. மூலைகளைப் பட்டியால் உருட்டி நிரப்பவும். மேட், ரோவிங் துணிகளை மாறி மாறி ஒட்டி, பக்கங்களிலும் அடியிலும் சுமார் 15 செ.மீ. படரவிடவும்.
5. போல்ட் துளைகளைப் பெரிதாக்கி ரெசின் பட்டியால் அடைத்து, இறுகிய பின் சரியான அளவில் மீண்டும் துளையிடவும். நீர்புகாப் பசையிட்டு முடுக்கவும்.

எச்சரிக்கை

பாலியெஸ்டர் ரெசினுக்கான ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கக்கூடும். முதலில் ரெசினில் ஆக்சிலரேட்டரை நன்கு கலக்கிய பின்னரே ஹார்டனரை ஊற்றவும். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் அணிந்து காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யவும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

ஆண்டுக்கொரு முறை போல்ட்டுகளைக் கழற்றித் துளைகளைச் சோதியுங்கள். நீர் புகும் வழியை அடைப்பதே பலகையைக் காக்கும் வழி.