எடை குறைந்த லாரியும் கண்ணுக்குத் தெரியாத துகளும்

ஜி.என்.டி. ரோட்டில் ஸ்கிராப் இரும்பு ஏற்றிய லாரிகள் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போவதைத் தினமும் பார்க்கிறோம். உருக்காலைக்குள் நுழையும் முன் லாரி எடைமேடையில் ஏறும். ஏற்றிய இடத்து ரசீதில் இருக்கிற எடையும் இங்கே காட்டுகிற எடையும் ஒத்துப்போகணும். 200 கிலோ குறைந்தால்? "வழியில யாரோ இறக்கிட்டாங்க" என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் விவரமானவர் முதலில் மூன்று விஷயம் பார்ப்பார். எடைமேடை சரியாக இருக்கா? வழியில் எரிந்த டீசல் எவ்வளவு? பின்பலகையில் ஓட்டை இருந்து சரக்கு சிந்திவிட்டதா? இது மூன்றும் இல்லை என்றால்தான் திருட்டு.

உலகிலேயே பெரிய இயந்திரத்தில் விஞ்ஞானிகள் புதுத் துகள் தேடுவதும் இப்படித்தான்! அதில் "பின்பலகை ஓட்டையை" கவனிக்கிற வேலை நம் நாட்டுக்காரர்களிடம் வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அந்த இயந்திரத்தின் பெயர் எல்.எச்.சி. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில், சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம். செர்ன் என்ற ஆய்வு மையம் இதை நடத்துகிறது. 2008 செப்டம்பர் 10-இல் முதன்முதலாக இதில் புரோட்டான்கள் சுற்றின. எதிரெதிராக வரும் புரோட்டான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதும். அந்த ஆற்றல் E = mc² படி புதுத் துகள்களாக மாறும்.

நாம் அறிந்த அடிப்படைத் துகள்கள் 17. இவற்றை அடுக்கி வைத்திருக்கும் கொள்கைக்கு ஸ்டாண்டர்டு மாடல் (திட்ட மாதிரி) என்று பெயர். 17-வதான ஹிக்ஸ் துகள் கிடைத்த செய்தி 2012 ஜூலை 4-இல் வெளியானது. "அப்போ கதை முடிஞ்சதா?" என்றால், இல்லை! விண்மீன் மண்டலங்கள் சுழல்கிற வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற பொருளைப் போல சுமார் 5 மடங்கு பொருள் ஒளிந்திருக்கணும். இதை 'இருண்ட பொருள்' என்கிறார்கள். அது எதனால் ஆனது? அந்த 17-இல் எதுவும் பொருந்தவில்லை.

சரி, ஒளியும் தராமல், எந்தக் கருவியிலும் மோதாமல் போகிற துகளை எப்படிப் பிடிப்பது? நாம் படித்த உந்த அழிவின்மை விதிதான் வழி. மோதும் முன் புரோட்டான்கள் குழாய் வழியே நேராக வருகின்றன. பக்கவாட்டில் உந்தம் இல்லை, அதாவது சுழி. அப்படியானால் மோதிய பிறகும் பக்கவாட்டு உந்தங்களைக் கூட்டினால் சுழிதான் வரணும். இடது பக்கம் மட்டும் துகள்கள் பாய்ந்து, வலது பக்கம் காலியாக இருந்தால்? வலது பக்கம் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

குறைகிற கணக்கை வைத்துத் துகளை ஊகிப்பது பழைய பழக்கம். 1930-இல் வொல்ஃப்காங் பௌலி பீட்டாச் சிதைவில் ஆற்றல் குறைவதைப் பார்த்து ஒரு கண்ணுக்குத் தெரியாத துகள் இருக்கணும் என்றார். அதுதான் நியூட்ரினோ. 1956-இல் கருவியில் சிக்கியது. 26 வருஷம்! 1983-இல் செர்னில் டபிள்யூ துகளைக் கண்டதும் இதே முறையில்தான்.

ஆனால் இதே முறை ஏமாற்றியும் இருக்கிறது. 1984-இல் அதே செர்னின் யு.ஏ.1 கருவியில், ஒரு பக்கம் மட்டும் துகள் கற்றை பாய்ந்து மறுபக்கம் ஒன்றுமே இல்லாத நிகழ்ச்சிகள் சில கிடைத்தன. புதுத் துகள் வந்தாச்சு என்று பரபரப்பு. பிறகு பொறுமையாகப் பார்த்ததில், தெரிந்த பழைய காரணங்கள் பலவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டினாலே கணக்கு சரியாகிவிட்டது. (லாரி உதாரணத்தில் நியூட்ரினோதான் டீசல். நியாயமான குறைவு!)

இப்போது ஓட்டைக்கு வருவோம். எல்.எச்.சி.யில் சி.எம்.எஸ். என்று ஒரு கருவி இருக்கிறது. எடை 14,000 டன். அதன் நடுவில் 6 மீட்டர் உள்விட்டமுள்ள மின்காந்தச் சுருள். ஆற்றலை அளக்கும் பித்தளை அடுக்குகள் அதற்குள்ளேயே அடங்கணும். இரு முனைகளிலும் உள்ள பித்தளையில் ஒரு பகுதி ரஷ்யக் கடற்படையின் பழைய பீரங்கிக் குண்டு உறைகளை உருக்கி எடுத்தது. அங்கேயும் ஸ்கிராப்தான், பாருங்க! ஆனால் நடுப்பகுதியில் இடம் போதவில்லை. வேகமான துகள் பொழிவின் கடைசி வால் பித்தளையைத் தாண்டி வெளியே கசிந்துவிடும். கசிந்தது கணக்கில் வராது. உடனே "புதுத் துகள்!" என்று பொய்யாகத் தோன்றும்.

அந்த வாலைப் பிடிக்கத்தான் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று, காந்தத்துக்கு வெளியே இன்னொரு அடுக்கை உருவாக்கியது. துகள் பட்டால் மினுக்கென்று ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகள். தடிமன் வெறும் 10 மில்லிமீட்டர். இதுதான் இந்திய வேலைகளில் முக்கியமானது என்பேன். சுரங்கத்தில் உள்ள காந்தங்களைத் தாங்கும் ஏறக்குறைய 7000 ஜாக்கிகளும் இந்தியாவில் செய்தவையே. ஒவ்வொரு பெரிய காந்தமும் 30 டன்னுக்கு மேல். அதை முடியின் பருமன் அளவுக்குத் துல்லியமாக நகர்த்தி வைக்கலாம். செர்ன் வளாகத்தில் நிற்கும் நடராஜர் சிலை 2004-இல் இந்திய அரசு கொடுத்தது. எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள், ஜாக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை!

சரி, புதுத் துகள் கிடைத்ததா? இதுவரை இல்லை. 2015 டிசம்பரில் இரண்டு கருவிகளின் வரைபடத்திலும் ஒரே இடத்தில் சின்ன மேடு தெரிந்தது. 500-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதிவிட்டார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் மோதல்களைச் சேர்த்துப் பார்த்தபோது மேடு காணோம். அதனால்தான் தற்செயலாக வர 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்ற அளவுக்கு உறுதியாகாமல் 'கண்டுபிடிப்பு' என்று அறிவிப்பதில்லை.

இவ்வளவு கோடி செலவழித்தும் ஒன்றும் கிடைக்கலையே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தேடியது வீண் இல்லை. குளுயினோ என்று கற்பனை செய்த துகள் ஒன்று உண்டு. எளிமையான கணக்குகளின்படி, புரோட்டானைப் போல சுமார் 2000 மடங்கு நிறைக்குள் அது இருந்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும். அந்தக் கதவை மூடியாச்சு. அடுத்த கதவுக்காக, 2030 வாக்கில் மோதல்களைப் பல மடங்கு கூட்டத் திட்டம் இருக்கிறது.

சி.எம்.எஸ். குழுவில் சென்னை ஐ.ஐ.டி.யும் உறுப்பினர். மோதல் விவரங்கள் கணினி வழியே இங்கேயே வருகின்றன. நம்ம சூளூர்பேட்டை லோக்கலில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, கிண்டி பஸ் பிடித்தால் போதும். அந்தக் கணக்கைச் சரிபார்க்கிற இடம் அங்கேயே இருக்கிறது.