நாயின் சார்பில் ‘போதும்’ சொல்ல ஓர் ஆள்

நாய் கடிப்பதற்கு முன்னால் பலமுறை சொல்லிவிடுகிறது. தின்ன எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கும். தூக்கம் வராத வேளையில் கொட்டாவி விடும். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் மட்டும் பார்க்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கும். வாலை அடிவயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். இவ்வளவையும் யாரும் கண்டுகொள்ளாத பிறகுதான் உறுமும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கக்கூடும்.

முதியோர் இல்லத்துக்கோ சிறப்புப் பள்ளிக்கோ தன் வீட்டு நாயைக் கூட்டிப்போய் அங்கிருப்பவர்களோடு பழகவிட நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பாடத்தைத்தான். இப்படிப் போய்வரும் நாயைத் தெரபி நாய் என்கிறார்கள். வேலை நல்ல வேலை. ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991-ல் ‘டாக்டர் டாக்’ திட்டத்தைத் தொடங்கி, தன் நாய் மேக்ஸை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அந்தத் திட்டம் பின்னர் சென்னைக்கும் வந்தது. சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளையின் சரஸ்வதி கேந்திரத்தில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளோடு நாய்களைப் பழகவிட்டார்கள். மனிதரிடம் பேசத் தயங்கும் பிள்ளை நாயிடம் பேசுவது உண்டு. பெற்ற பிள்ளைகள் வந்து பார்க்காத ஒரு ஆச்சி, மடியில் தலை வைத்த நாயிடம் ஊர்க்கதை சொல்வதும் உண்டு. அந்த நன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கான விலையை நாய் மட்டும் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

நாகலாபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரத்துக்குச் சென்னையில் இல்லாத சில சங்கடங்கள் உண்டு. முதலாவது வெயில். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில நொடிகூடப் பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துபோகும். மனிதருக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். தகரக் கூரை போட்ட கூடத்தில், மின்விசிறி ஓடாத மதியத்தில், முப்பது பேர் சூழ்ந்து நிற்கும்போது அந்த மூச்சும் போதாது. இரண்டாவது முள். கரிசல் காட்டு வழியில் வந்த நாயின் விரலிடுக்கில் வேலிக்கருவை முள் ஏறியிருக்கலாம். மழைக்காலம் என்றால் அங்கே ஒட்டிய மண் காய்ந்து கட்டியாகிப் பாதத்தை அறுக்கும். வலியோடு இருக்கும் நாயின் காலை ஒரு குழந்தை ஆசையாகப் பிடித்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே இல்லத்து வாசலில் நாயைப் படுக்கவைத்து நான்கு பாதத்தையும் விரித்துப் பாருங்கள். காதுமடலில் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள், முதியவர்களின் தோல் சின்னக் கீறலுக்கே கிழிந்துவிடும். களத்தில் மிளகாய் வத்தல் காயும் நாளில் அந்தப் பக்கமாகக் கூட்டிப்போக வேண்டாம். கோயில் கொடைக்கு வெடி போடும் நாளிலும் வேண்டாம்.

இந்த வட்டாரத்தின் பெருமை கன்னி, சிப்பிப்பாறை நாய்கள். ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் இவை பார்வையால் இரை தேடி ஓடும் வேட்டை நாய்கள். வீட்டாரிடம் உயிரை விடும், அந்நியர் தொட்டால் பொதுவாக ஒதுங்கும். ஒதுங்குவது குற்றமல்ல. நாட்டு நாயில் சாந்தமான ஒன்று கிடைத்தால் கூட்டிப்போகலாம், கூச்சப்படுகிற நாயைப் பழக்கிவிடலாம் என்று இழுத்துப்போகக் கூடாது. இனத்தைவிட அந்த ஒரு நாயின் குணம்தான் கணக்கு. தெரியாதவர் இருக்கும் இடத்துக்குள் தானாக நடந்து போகிறதா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. தேவையற்ற வலியும் வேதனையும் தருவதை 11-வது பிரிவு குற்றமாக்குகிறது. 2014 மே 7-ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்குகளின் ஐந்து சுதந்திரங்களைப் பேசியது. பயமும் மனவேதனையும் இல்லாமல் இருப்பது அவற்றில் ஒன்று. 2023-ல் அரசியல் சாசன அமர்வு, விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் உரிமையாளரின் கடமை அப்படியேதான் இருக்கிறது. 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இவ்வளவு சின்ன அபராதம் எந்த நாயையும் காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியவர் கயிற்றைப் பிடித்து நிற்கிறவர்தான்.

அவருக்குத்தான் இங்கே பெரிய சோதனை. இல்லத்து நிர்வாகி வருவார். “அண்ணாச்சி, டிரஸ்டி இப்ப வந்துருவாரு, ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம்” என்பார். நாய் அதற்குள் மூன்று முறை உதட்டை நக்கியிருக்கும். மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நமக்குத் தயக்கம். தர்மத்துக்கு வந்த இடத்தில் கறாராகப் பேசலாமா என்ற கூச்சம் வேறு. பேசலாம். “இல்லய்யா, இது களைச்சுப் போச்சு. அடுத்த வாரம் வாரோம்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். ஒரு ஆச்சி நாயின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டால், “ஆச்சி, கழுத்த விட்டுட்டு முதுகத் தடவுங்க, அதுக்கு அதான் பிடிக்கும்” என்று சொல்லி, நாய்க்கும் அவருக்கும் நடுவில் உங்கள் கையை வைக்கலாம். நாய் திரும்பிப் போக எப்போதும் ஒரு பக்கம் காலியாக இருக்க வேண்டும், மூலையில் நிறுத்தக் கூடாது. கயிற்றை ஒரு நிமிடம்கூட இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றி: அமெரிக்காவின் ‘பெட் பார்ட்னர்ஸ்’ அமைப்பு ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. நம் ஊர் வெயிலுக்கு முக்கால் மணி நேரமே அதிகம் என்பது என் எண்ணம். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நல்லது.

இவற்றையெல்லாம் வாய்ப்பேச்சில் விடாமல் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நாள், எவ்வளவு நேரம், எத்தனை பேர், யாருக்கு நாய் வேண்டாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். காரணம் சொல்லாமல் கிளம்பும் உரிமை நாயைக் கூட்டிவருபவருக்கு உண்டு என்றும் எழுதுங்கள். அதே உரிமை உள்ளே இருப்பவர்களுக்கும் உண்டு. நாய் என்றால் நடுங்குகிறவர், ஆஸ்துமாக்காரர், மத நம்பிக்கையால் தொடாதவர், ஆறாத புண் உள்ளவர் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இல்லத்தில் இருக்கிறார் என்பதற்காக ஒருவருடைய ‘வேண்டாம்’ செல்லாமல் போய்விடாது. குழந்தை என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் அவசியம்.

தாளோடு நாயின் தடுப்பூசி அட்டையின் நகலும் இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போட்டிருக்க வேண்டும், எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுவது நல்லது. மாட்டாஸ்பத்திரியில் கேட்டால் விவரம் சொல்வார்கள். 2025 நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை வளாகங்களில் இருந்து தெருநாய்களை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, வளாகத்துக்குள் நாயைப் பார்த்தாலே கேள்வி வரும். உரிமையாளரோடு, அனுமதிக் கடிதத்தோடு, பெல்ட்டும் கயிறுமாக வரும் வளர்ப்பு நாய் வேறு என்று காட்ட இந்தத் தாள்கள் உதவும்.

தீனி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த பாயசத்தை ஆசையாக ஊட்டிவிடுவார்கள். அதில் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சாக்லேட்டும் வெங்காயமும் நஞ்சு. கொடுத்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்காக நாய் பிஸ்கட்டை நீங்களே எடுத்துப்போங்கள். தண்ணீரும் கிண்ணமும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

நாய் விடாமல் இரைத்து, எச்சில் ஒழுக்கி, ஈறு கடுஞ்சிவப்பாகித் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முதலில் சூட்டைத் தணிக்க வேண்டும், பிறகுதான் வண்டி. கால்நடை அவசர உதவிக்கு 1962-ஐ அழையுங்கள்.

கடித்தோ நகம் கீறியோ ரத்தம் வந்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவினால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது தெரியும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ போங்கள். நாய்க்கடி ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். தவணைகளை ஒன்றுகூட விடாமல் போட வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை என்பதால் தாமதத்துக்கு இடமே கிடையாது.

கடித்த நாயின் உரிமையாளர் ஓடி ஒளியக் கூடாது. விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் குற்றம், 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மருத்துவச் செலவை ஏற்று, தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். கூட்டம் கம்பெடுத்தால் நாயை முதலில் வண்டிக்குள் ஏற்றிப் பூட்டுங்கள். நாயைக் கொல்வதும் முடமாக்குவதும் 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அடித்துக் கொன்றுவிட்டால் கடிபட்டவருக்கும் நஷ்டம், ஏனென்றால் அந்த நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். 10 நாளும் அது நலமாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். நலமாகவே இருந்தாலும் அந்த நாயை மறுபடி இல்லத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். வீட்டு நாயாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.